இன்ப முடிவுக்கு உரியவர்கள்

2019 ஜூலை கடைசி வாரத்தில், நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் உள்ள மாரியட் மார்க்கீ விடுதியில், ‘ரொமான்ஸ் ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா’ என்ற காதல் நாவலாசிரியர் சங்கத்தின் ஆண்டு மாநாடு நடந்தது. கல்லூரியில் விடுப்பு எடுத்து நியூ ஜெர்சியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்த நான், உறுப்பினரல்லாதவர்களுக்கான கட்டணத்தைக் கட்டி அதில் கலந்துகொண்டேன். கருத்தரங்கு எனக்குப் புதிதல்ல. செம்மொழிக் கருத்தரங்கு, பெண்ணியக் கருத்தரங்கு, மானியத் தொகையை மார்ச் மாதத்துக்குள் செலவழிப்பதற்காக நடக்கும் இரண்டுநாள் கருத்தரங்கு என எத்தனையோ பார்த்தாயிற்று. பெரும்பாலும் மேடையில் ஆண்கள் இருப்பார்கள், இருக்கைகளில் பெண்கள் இருப்பார்கள். குத்துவிளக்கேற்ற மட்டும் ஒரு பெண்ணை மேலே அழைப்பார்கள். காதல் நாவலாசிரியர்களின் மாநாட்டுக்குப் போனது அதுதான் முதல்முறை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடியிருந்த அந்த இடத்தில் மேடையிலும் பெண்கள், இருக்கைகளிலும் பெண்கள்.

ஒரு அறையில் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் பார்க்க வேண்டியவை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த அறையில் எழுத்து வருமானத்துக்கான வரிக் கணக்கு. அதற்கடுத்த அறையில் படுக்கையறைக் காட்சியில் பெண்ணின் சம்மதத்தை உரையாடலாக எழுதுவது எப்படி என்ற பயிற்சி. இன்னொரு பக்கம், பதிப்பாசிரியரின் எதிரே உட்கார்ந்து சில நிமிடங்களில் கதையைச் சொல்லி முடிக்க வேண்டும். அதற்காகக் காத்திருந்த பெண்கள் வாய்மொழித் தேர்வுக்கு வந்த ஆய்வு மாணவிகளைப் போல உதடசைத்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் நின்ற ஒருவருக்கு எழுபது வயதிருக்கும். தன் கதாநாயகிக்கும் அதே வயதுதான் என்று சொல்லிச் சிரித்தார்.

தலைவி தன் வேட்கையைத் தலைவன் முன் தானே எடுத்துச் சொல்லும் வழக்கம் இல்லை என்கிறது தொல்காப்பியக் களவியல். அந்த நூற்பாவை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறவள் நான். அதே வேட்கையை எந்தச் சொல்லில் வைத்தால் வாசகி நம்புவாள் என்று பெண்கள் குறிப்பேடும் கையுமாக வாதாடும் அறையில் உட்கார்ந்திருந்தது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அந்த மகிழ்ச்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் எழுப்பப்போகும் கேள்விகளை ஏளனமாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அந்தச் சங்கம் காதல் நாவலுக்கு வகுத்திருந்த இலக்கணத்துக்கு இரண்டே உறுப்புகள். கதையின் மையத்தில் ஒரு காதல் இருக்க வேண்டும். முடிவு மனநிறைவையும் நம்பிக்கையையும் தர வேண்டும். முடிவுக்கு அவர்கள் வைத்திருக்கும் சுருக்கெழுத்துகளும் இரண்டு. ‘எச்.இ.ஏ.’ என்றால் என்றென்றைக்கும் இன்பம். ‘எச்.எஃப்.என்.’ என்றால் இப்போதைக்கு இன்பம். இரண்டில் ஒன்று இல்லாத கதை எவ்வளவு உயர்ந்ததானாலும் அவர்கள் கணக்கில் காதல் நாவல் ஆகாது. எழுதுகிறவள் வாசகிக்குத் தரும் வாக்குறுதி அது. அப்படி ஒரு வாக்குறுதியைக் கொடுப்பது அறமா என்பதுதான் என் கேள்வி.

பெண்ணியம் இதற்கு நெடுங்காலமாக ஒரு பதில் வைத்திருக்கிறது. ஷுலாமித் ஃபயர்ஸ்டோன் 1970இல் வெளிவந்த தன் நூலில், பெண்கள் ஒடுக்கப்படுவதன் அச்சாணியே காதல்தான் என்று வாதிட்டார். நம் ஊரில் பெரியார் ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் காதலுக்கென்றே ஒரு அத்தியாயம் ஒதுக்கி, அதற்குப் பூசப்பட்ட தெய்வீகத்தைச் சுரண்டி எடுத்தார். ஆசை மாறும், அன்பு மாறும். மாறாத ஒன்று இருப்பதாகச் சொல்லிப் பெண்ணை அதில் கட்டிவைப்பது மோசடி. இந்த வாதத்தின் வலுவை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ‘எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும்’ என்று ஒரு பெண்ணிடம் சொல்லப்படும் ஒவ்வொரு முறையும் அவள் தலையில் ஒரு காதல் நாவலின் கடைசி அத்தியாயம்தான் ஏற்றப்படுகிறது.

மாநாட்டின் முதல் நாள் இரவு அக்காவிடம் இதைச் சொன்னேன். அக்காவின் கிண்டிலில் ரமணிசந்திரனும் இருக்கிறார், பெயர் கேள்விப்படாத இணைய நாவலாசிரியைகளும் இருக்கிறார்கள். மருத்துவமனையில் இரவுப்பணி முடித்து வந்து படிப்பாள். நான் பேசி முடிக்கும்வரை பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“ஏன்டி, முடிவு தெரியாத கதைதான் ஒசத்தின்னு நீங்க பாடம் நடத்துவீங்க. எனக்கு முடிவு நல்லா இருக்கும்னு தெரிஞ்சாத்தான் நடுவுல அவ படற கஷ்டத்தைப் படிக்கிற தைரியமே வருது. வார்டுல நான் பார்க்கிற எதுக்கும் முடிவு தெரியாது.”

ஜேனிஸ் ராட்வே என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் ஓர் ஊரின் காதல் நாவல் வாசகியரிடம் பேசி 1984இல் ஒரு நூல் வெளியிட்டார். கணவனும் பிள்ளைகளும் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் வீட்டில், புத்தகத்தை விரித்து உட்காரும் நேரம் ஒன்றுதான் தங்களுடையது என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். அக்கா சொன்னதும் இதற்குப் பக்கத்தில் வருவதுதான். ஆனால் அவள் ஒரு படி மேலே போகிறாள். முடிவு உறுதியாக இருப்பதால் துன்பத்தைக் கண்கொண்டு பார்க்க முடிகிறது என்கிறாள்.

வாக்குறுதி வேறு, ஆரூடம் வேறு. ‘உனக்கு இப்படித்தான் நடக்கும்’ என்பது ஆரூடம். அது பொய்த்துப்போகும். பொய்த்தபோது பெண்ணையே குற்றம் சொல்லும். ‘உனக்கு இது கிடைக்க வேண்டும், கிடைக்காத வரை கதை முடியாது’ என்பது வாக்குறுதி. அது உலகத்தைப் பற்றிய தகவல் அன்று, உலகத்தின் மீது வைக்கப்படும் கோரிக்கை. பெரியார் கிழித்தெறிந்தது ஆரூடத்தை. அக்கா கையில் வைத்திருப்பது கோரிக்கையை. இந்த அளவில் நான் அக்காவின் பக்கம். ஆனால் கோரிக்கை என்று ஆனதும் அடுத்த கேள்வி தானாக எழுகிறது: அது யார் பேரில் வைக்கப்படுகிறது?

மாநாட்டின் மூன்றாம் நாள் இரவு ‘ரீட்டா’ விருது விழா. சங்கத்தின் முதல் தலைவர் ரீட்டா க்ளே எஸ்ட்ராடாவின் பெயரால் தரப்பட்ட விருது அது. அதற்கு முந்தைய ஆண்டு, 2018இல், சங்கமே ஓர் உண்மையை வெளியிட்டிருந்தது. விருதின் இறுதிச் சுற்றுக்கு அதுவரை வந்த நூல்களில் கருப்பின எழுத்தாளர்கள் எழுதியவை அரை சதவீதத்துக்கும் குறைவு. வென்ற கருப்பினப் பெண் ஒருவர்கூட இல்லை. 1980இல் ஹூஸ்டன் நகரில் அந்தச் சங்கம் தொடங்கப்பட்டபோது அதற்குக் காரணமாக இருந்தவர்களில் முதன்மையானவர் விவியன் ஸ்டீஃபன்ஸ் என்ற கருப்பினப் பெண் பதிப்பாசிரியர் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் இந்தக் கணக்கின் கொடுமை முழுமையாகப் புரியும். வீட்டைக் கட்டியவளுக்கு அந்த வீட்டுப் பந்தியில் இலை விழவில்லை.

அந்த இரவில்தான் அது முதல்முறை மாறியது. கென்னடி ரையன், எம். மலோன் என்ற இரண்டு கருப்பினப் பெண்கள் விருது பெற்றார்கள். ரையனின் ‘லாங் ஷாட்’ நாவல், அடித்துத் துன்புறுத்தும் ஓர் ஆணிடமிருந்து ஒரு பெண் மீண்டு வருவதைப் பேசுவது. கடைசி வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இரண்டு இருக்கை தள்ளி இருந்த ஒரு கருப்பினப் பெண் கைதட்டவே இல்லை. கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். ஒரு காதல் நாவலுக்கு விருது கிடைத்ததற்கு இவ்வளவு அழுகையா என்று கேட்பவர்கள், யாருடைய காதல் இதுவரை காதலாக எண்ணப்படவில்லை என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

தமிழ் படித்தவளுக்கு அப்போது அகத்திணையியல் நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. ‘யார் காதலிக்கத் தகுந்தவர்’ என்ற கேள்வியைத் தொல்காப்பியம் வெளிப்படையாகவே எடுத்துக்கொண்டிருக்கிறது. அகப்பாடலில் எவருடைய இயற்பெயரும் வரக் கூடாது என்ற விதியைப் பெருமையோடு சொல்வோம். பெயர் இல்லாததால் அந்தக் காதல் எல்லாருக்கும் பொது என்றும் சொல்வோம். ஆனால் அதே இயலில், பிறருக்கு ஏவல் செய்யும் அடியோரையும் வினைவலரையும் பற்றி ஒரு நூற்பா இருக்கிறது. அவர்களுக்கு உரிய இடம் ஐந்திணைக்குப் புறத்தே, கைக்கிளையிலும் பெருந்திணையிலும் என்று உரைகள் அதற்குப் பொருள் சொல்கின்றன. இளம்பூரணர் காரணமும் தருகிறார். அறமும் பொருளும் இன்பமும் வழுவாமல் நடப்பது பிறருக்குக் குற்றேவல் செய்பவர்களுக்கு அரிது என்கிறார். நேரம் தன்னுடையதாக இல்லாதவருக்குக் காதலும் தன்னுடையதாக இருக்காது என்பது அதன் சாரம். ஆக, பெயரைத்தான் நீக்கினார்கள். பிறப்பும் தொழிலும் வாசலிலேயே விசாரிக்கப்பட்டுவிட்டன.

அப்படி வெளியே நிறுத்தப்பட்டவர்களின் காதலுக்கும் சங்க இலக்கியத்தில் ஓரிடம் கிடைத்தது. கலித்தொகையின் 94ஆம் பாடலில் அரண்மனைப் பணிப்பெண்ணான ஒரு கூனியும் ஒரு குறளனும் வருகிறார்கள். ஒருவரை ஒருவர் கேலி பேசி, சண்டையிட்டு, கடைசியில் சேர்ந்துகொள்கிறார்கள். வகுப்பில் அதை நடத்தினால் சிரிப்பு எழும். சிரிப்பதற்கென்றே எழுதப்பட்டதுதான். ஆனால் சிரிப்பு அடங்கிய பிறகு நான் மாணவிகளிடம் சொல்வது ஒன்று உண்டு. பாலைத் தலைவியும் நெய்தல் தலைவியும் ஏங்கி நிற்கும் அந்தத் தொகைக்குள், கண்ணெதிரே கூடி மகிழும் முடிவு இந்த இருவருக்கு வாய்த்திருக்கிறது. அதைக் காதல் என்று சொல்லத்தான் மரபுக்கு மனம் வரவில்லை. பெருந்திணை என்று ஒதுக்கிவைத்தது.

பெருந்திணைக்குள் மரபு ஒதுக்கியது இவர்களை மட்டுமல்ல. அளவு மீறிய காமத்தால் வலிந்து கொள்வதையும் அங்கேதான் வைத்தது. பலவந்தம் அன்பின் ஐந்திணை ஆகாது என்று இலக்கணமே தள்ளிவைத்தது நமக்குக் கிடைத்த பெரிய செல்வம். ஒரே வேலி இரண்டு வேலை செய்தது. வன்முறையை வெளியே நிறுத்தியது, உழைப்பவரையும் வெளியே நிறுத்தியது. முதல் வேலை நியாயம், இரண்டாவது அநியாயம்.

இன்றைய காதல் நாவல் இந்த வேலியை என்ன செய்தது என்று பார்த்தால் வேதனையாக இருக்கிறது. தலைகீழாக நட்டிருக்கிறது. 1972இல் அமெரிக்காவில் வெளிவந்து பெருவெற்றி பெற்ற கேத்லீன் வுடிவிஸ்ஸின் ‘தி ஃப்ளேம் அண்ட் தி ஃப்ளவர்’ நாவலில், நாயகியை வன்புணர்வு செய்பவனே நாயகன். முடிவில் இருவருக்கும் இன்ப வாழ்வு. நம் மாத நாவல்களிலும் இணைய நாவல்களிலும் பழிவாங்குவதற்காகத் தாலி கட்டும் நாயகன் வருகிறான். கன்னத்தில் அறைகிறான், அறையில் பூட்டிவைக்கிறான். இருபதாம் அத்தியாயத்தில் அவனுடைய சின்ன வயதுத் துயரம் ஒன்று தெரியவருகிறது. நாயகி அவனை மன்னித்துவிடுகிறாள். பலவந்தம் வேலிக்கு உள்ளே வந்துவிட்டது. நான் வாசித்த அத்தனை நாவல்களிலும் சாதிப் பெயர் கிடையாது. ஆனால் நாயகன் வீட்டுப் பூஜையறை உண்டு, பரம்பரை நகை உண்டு, ஊரில் நிலம் உண்டு, ‘நம்ம குடும்பத்துக்கு ஏத்த பொண்ணு’ என்ற அத்தை உண்டு. சேரியிலிருந்து வந்த நாயகனைத் தேடினேன், அகப்படவில்லை. அடியோரும் வினைவலரும் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள். தோட்டக்காரராக, டிரைவராக, ‘வேலம்மா’வாக.

இது கதையோடு நிற்பதில்லை. 2015இல் சென்னை உயர் நீதிமன்றத்தில், ஒரு சிறுமியை வன்புணர்வு செய்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவருக்கு, அந்தப் பெண்ணோடு சமரசம் பேசுவதற்கு வசதியாகப் பிணை தரப்பட்டது. எதிர்ப்பு எழுந்தது. இத்தகைய சமரசம் கூடாது என்று உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் கண்டித்துச் சொன்ன பிறகு அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது. எந்தக் கதையைப் படித்து வளர்ந்த சமூகத்தில் இப்படி ஒரு முடிவு யாருக்கும் தோன்ற முடியும்? வன்முறை செய்தவனோடு சேர்த்துவைப்பதே பெண்ணுக்கான நல்ல முடிவு என்று சொல்லும் கதையைத்தான். அடுத்த ஆண்டு, 2016 மார்ச்சில், உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். கௌசல்யா படுகாயத்தோடு உயிர் பிழைத்தார். இருவரும் ஒருவரையொருவர் விரும்பித் தேர்ந்து மணந்தவர்கள். பலவந்தத்துக்குச் சமரசம், சம்மதத்துக்கு அரிவாள். தலைகீழான வேலி இதுதான்.

‘தீவிர’ இலக்கியமும் சினிமாவும் சாதி மீறிய காதலைப் பேசவில்லையா என்று கேட்கலாம். பேசியிருக்கின்றன, துணிச்சலாகவே. 2004இல் வந்த ‘காதல்’ திரைப்படத்தின் மெக்கானிக் முடிவில் மனம் பிறழ்ந்து தெருவில் அலைகிறான். 2013இல் வந்த பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ நாவலில் சரோஜாவைச் சுற்றித் தீ எழுகிறது. இவை பொய்யல்ல, நம் மண்ணின் நிலவரம். ஆனால் ஒரு தொகுதி மக்களுக்கு எப்போதும் நிலவரம், இன்னொரு தொகுதிக்கு எப்போதும் இன்ப முடிவு என்று பிரித்துக் கொடுத்தால் அதுவும் ஒரு பந்தி வஞ்சனைதான். பிணமானால்தான் உன் காதலுக்கு இலக்கியத்தில் இடம் என்று ஓர் இளைஞனுக்கும் இளைஞிக்கும் நாம் சொல்லிக்கொண்டே இருக்க முடியாது. ஒருவரையொருவர் தேர்ந்துகொள்ளும் உரிமை வயதுவந்த இருவருக்கு உண்டு, ஊர்ப் பஞ்சாயத்து அதில் தலையிட முடியாது என்று 2018இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. சட்டம் கொடுத்த முடிவைக் கற்பனை இன்னும் கொடுக்கத் தயங்குகிறது.

நான் போன மாநாட்டை நடத்திய சங்கத்துக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். அதே 2019 டிசம்பரில், ஒரு நாவலில் சீனப் பெண்கள் சித்தரிக்கப்பட்டிருந்த விதத்தை இனவெறி என்று விமர்சித்த எழுத்தாளர் கோர்ட்னி மிலன் மீது சங்கம் ஒழுங்கு நடவடிக்கை எடுத்தது. எதிர்ப்பு வெடித்தது, நிர்வாகிகள் விலகினார்கள். ‘ரீட்டா’ விருது கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக விவியன் ஸ்டீஃபன்ஸ் பெயரில் ‘விவியன்’ விருது வந்தது. 2021இல் அதன் முதல் ஆண்டிலேயே, அமெரிக்கப் பழங்குடியினரின் படுகொலையில் பங்கெடுத்தவனை நாயகனாக்கிய நாவலுக்கு ஒரு விருது தரப்பட்டது. கண்டனம் எழுந்ததும் திரும்பப் பெறப்பட்டது. பத்தாயிரம் பேர் இருந்த சங்கம் இரண்டாயிரமாகச் சுருங்கி, 2024இல் திவால் மனு கொடுத்தது. இன்ப முடிவை இலக்கணமாக வைத்திருந்த அமைப்புக்கு அது கிட்டவில்லை என்று எளிதாகக் கேலி செய்யலாம். எனக்கு அதில் விருப்பமில்லை. வாக்குறுதியை எல்லாருக்கும் உரியதாக்காமல் சிலருக்கு மட்டும் வைத்துக்கொண்டால், வாக்குறுதியே செல்லாக்காசாகிவிடும் என்பதுதான் எனக்குக் கிடைத்த பாடம். அங்கே பெயர் மாற்றினார்கள். வேலியை மாற்றி நடவில்லை.

வேலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலி வேண்டும், சரியான இடத்தில். பலவந்தத்தைத் தொல்காப்பியம் நிறுத்திய இடத்திலேயே, வெளியே நிறுத்துவோம். எவ்வளவு அழகான நாயகனானாலும், எவ்வளவு சோகமான பால்யமிருந்தாலும் சரி. உழைக்கிறவரை, ஒதுக்கப்பட்டவரை, திருநங்கையரை, விதவையை, எழுபது வயதுக்காரியை உள்ளே அழைப்போம். பெயரோடும் ஊரோடும் தெருவோடும் அழைப்போம். பொதுமை என்பது பெயரை அழிப்பதால் வருவதில்லை. எந்தப் பெயரையும் தடுக்காததால் வருவது.

கடந்த சில ஆண்டுகளாக முதுகலை மாணவிகளுக்கு ஒரு பயிற்சி தருகிறேன். ஒரு காதல் கதை எழுத வேண்டும். காதலர் இருவரின் ஊரும் தெருவும் அப்பா அம்மாவின் தொழிலும் கதையில் தெரிய வேண்டும். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. முடிவு இன்பமாக இருக்க வேண்டும். மூன்று நிபந்தனைகளும் சேர்ந்தால் பேனா நின்றுவிடுகிறது. தெருவை எழுதியதும் முடிவு வர மறுக்கிறது, முடிவை எழுதியதும் தெரு மறைந்துபோகிறது. போன ஆண்டு ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “மேடம், எங்க ஊர் பேரைப் போட்டு நல்ல முடிவு எழுதினா, படிக்கிறவங்க நம்ப மாட்டாங்களே?”

“யாரு நம்ப மாட்டாங்கம்மா?” என்று கேட்டேன்.

சற்று யோசித்தாள். “ஊர்ல இருக்கிறவங்க நம்ப மாட்டாங்க” என்றாள். பிறகு, “ஆனா எங்க தெருப் பிள்ளைங்க நம்புவாங்க” என்றாள். உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள்.